வேதகாலமும் புத்தர் காலமும்: நிலம், நம்பிக்கை, சமூகம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கயா, சாரநாத் என்று பயணம் கிளம்புபவர்கள், உபநிடதத்தையோ பாலி மொழியில் உள்ள சுத்தங்களையோ (புத்தரின் உரைகள்) முதன்முறையாகக் கையில் எடுப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் ஐயங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன. வட இந்திய ஆறுகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்தக் குழப்பங்களில் பாதி, வரைபடம் பார்க்காமல் படிப்பதால் வருபவை.

வேதகாலம், புத்தர் காலம்னா எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும்?

ரிக் வேதப் பாடல்களை ஏறத்தாழ கி.மு. 1500 முதல் 1000 வரை வைப்பது பெரும்பாலோர் வழக்கம். மற்ற வேதங்கள், பிராமணங்கள் (வேள்விகளை விளக்கும் நூல்கள்), பழைய உபநிடதங்கள் அதற்குப் பின் சுமார் கி.மு. 500 வரை வருகின்றன. புத்தரின் ஆண்டுகளில்தான் பெரிய சண்டை. பாடநூல்களில் கி.மு. 563–483 என்று இருக்கும். இலங்கை மரபில் பரிநிர்வாணம், அதாவது புத்தரின் மறைவு, கி.மு. 544 அல்லது 543. இன்றைய ஆய்வாளர்களில் பலர் கி.மு. 400ஐ ஒட்டி அவர் மறைந்திருக்கலாம் என்கிறார்கள். தேர்வு எழுதுபவர் பாடநூல் ஆண்டை எழுதட்டும். கட்டுரை எழுதுபவர் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடட்டும்.

நூல்களின் காலமும் அவை ஏட்டில் ஏறிய காலமும் வேறு. பாலி நூல்கள் பல தலைமுறை வாய்மொழியாகவே ஓதப்பட்டு, கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில் இலங்கையில் எழுதப்பட்டன. ஆகவே ஒரு சுத்தத்தில் வரும் ஊர்ப் பெயரையோ வழக்கத்தையோ அப்படியே புத்தரின் வாழ்நாளுக்கு உரியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ரிக் வேதத்துல கங்கையே கிடையாதாமே, நிஜமா?

உண்டு, ஆனால் மிக அரிது. ரிக் வேதத்தின் உலகம் சப்த சிந்து, அதாவது இன்றைய பஞ்சாபும் அதைச் சுற்றிய நிலமும். 10ஆம் மண்டலத்தின் 75ஆம் பாடல் ஆறுகளைக் கங்கையில் தொடங்கி யமுனை, சரஸ்வதி, சுதுத்ரி (சத்லஜ்), பருஷ்ணி (ராவி), அசிக்னி (செனாப்), விதஸ்தா (ஜீலம்) என்று கிழக்கிலிருந்து மேற்காக அடுக்குகிறது. கங்கை அவர்கள் பார்வையின் கிழக்கு ஓரத்தில் நிற்கிறது.

தானியத்தையும் கவனியுங்கள். ரிக் வேதத்தில் வருவது யவம், பெரும்பாலும் வாற்கோதுமை. நெல்லைக் குறிக்கும் விரீஹி அதில் இல்லை. அதர்வ வேதத்தில்தான் தென்படுகிறது. மழை குறைந்த மேற்கிலிருந்து மழை மிகுந்த கிழக்குக்குச் சமூகம் நகர்ந்த தடம் இந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

கிழக்கே எப்படிப் போனாங்க? இரும்புக் கோடாரியால காட்டை வெட்டினாங்கன்னு படிச்சோமே?

சதபத பிராமணம் ஒரு கதை சொல்கிறது. விதேக மாதவன் என்ற அரசன் சரஸ்வதிக் கரையில் இருக்கும்போது, அக்னி அங்கிருந்து நிலத்தை எரித்துக்கொண்டே கிழக்கே போகிறான். சதாநீரா என்ற ஆற்றின் முன் நின்றுவிடுகிறான். அதற்கு அப்பால் உள்ள நிலம் சதுப்பாகவும் பயிரிடப்படாமலும் இருந்தது, அக்னி சுவைக்காத நிலம் என்பதால் பிராமணர்கள் முன்பு அங்கே போகவில்லை, பிறகு வேள்விகளால் அது பண்பட்டது என்று நூல் விளக்குகிறது. சதாநீராவைப் பொதுவாகக் கண்டகி ஆறாகக் கொள்கிறார்கள். அப்பால் உள்ளது விதேகம், இன்றைய வட பீகார்.

காட்டைத் திருத்தியதில் இரும்புக்குப் பங்கு உண்டு, ஆனால் முழுப் பெருமையும் அதற்குப் போகாது. சாம்பல் நிற ஓவியப் பானைகள் கிடைக்கும் தொடக்க அடுக்குகளில் இரும்பு பெரும்பாலும் அம்பு முனை, ஈட்டி முனையாகவே வருகிறது. உழுபடைகள் கருப்பு மெருகுப் பானைகளின் காலத்தில், சுமார் கி.மு. 700க்குப் பிறகு, கூடுதலாகக் கிடைக்கின்றன. நெருப்பு, உழவு மாடு, நாற்றுப் பிடுங்கி நடும் நெல் சாகுபடி, அதற்கு வேண்டிய ஆள்கட்டு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் கங்கைச் சமவெளி நகரங்களைத் தாங்கும் அளவுக்கு விளைந்தது.

16 மகாஜனபதம் மனசுல நிக்கவே மாட்டேங்குது. மகதம் மட்டும் ஏன் ஜெயிச்சுது?

மகாஜனபதம் என்றால் பெருநாடு. அங்குத்தர நிகாயம் என்ற பாலி நூல் தரும் பட்டியலை ஆறுகளோடு கோத்துக்கொள்ளுங்கள். கங்கையின் கீழ்ப்பகுதியில் அங்கம், மகதம், வடகரையில் வஜ்ஜி. அதற்கு மேற்கே மல்லம், காசி, கோசலம். யமுனையை ஒட்டி வத்சம், சேதி, சூரசேனம், குரு. கங்கை யமுனைக்கு இடையிலும் அதற்கு வடக்கிலும் பாஞ்சாலம், அதற்கு மேற்கே மத்ஸ்யம். மாளவ மேட்டில் அவந்தி. வடமேற்குக் கோடியில் காந்தாரம், காம்போஜம். கோதாவரிக் கரையில் அஸ்ஸகம். விந்தியத்துக்குத் தெற்கே இருப்பது இந்த ஒன்றுதான்.

மகதத்துக்கு நிலம் கைகொடுத்தது. ராஜகிருகத்தை ஐந்து குன்றுகள் சூழ்ந்திருந்தன. தெற்கே சோட்டாநாகபுரி மேட்டில் இரும்புத் தாது, காடுகளில் யானையும் மரமும், வடக்கே வண்டல் வயல். பிம்பிசாரன் அங்கத்தைப் பிடித்ததும் கங்கையில் கிழக்கு நோக்கிய படகு வழி கைக்கு வந்தது. அஜாதசத்துரு காலத்தில் வஜ்ஜிகளைத் தடுக்க பாடலி கிராமத்தில் கோட்டை எழுந்தது. கங்கையும் சோன் ஆறும் கூடும் அந்த இடமே பின்னர் பாடலிபுத்திரம்.

இன்னொன்று: உபநிடதத்தில் தத்துவம் பேசும் அஜாதசத்துரு காசி அரசன். மகதத்து அஜாதசத்துரு வேறு ஆள். விடைத்தாள்களில் இந்த இருவரும் அடிக்கடி ஒருவராகிவிடுகிறார்கள்.

வஜ்ஜி நாட்டுல ஜனநாயகம் இருந்துச்சா?

கூடிப் பேசி முடிவெடுக்கும் ஆட்சி இருந்தது. வஜ்ஜிகள் அடிக்கடி கூடும்வரை, ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலையும்வரை, பழைய நெறிகளை மீறாதவரை, பெரியோரை மதிக்கும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்று புத்தர் 7 நிபந்தனைகளை அடுக்குவது மகாபரிநிப்பான சுத்தத்தில் வருகிறது. அதே 7ஐத் திருத்திச் சங்கத்துக்கும் (பௌத்தத் துறவிகளின் அமைப்பு) தருகிறார்; சங்கத்தின் கூட்ட முறை, குடித் தலைவர்கள் கூடி ஆளும் இந்தக் கண ஆட்சிகளிலிருந்து நிறையப் பெற்றது.

ஆனால் அவையில் உட்கார்ந்தவர்கள் க்ஷத்திரியக் குடித் தலைவர்கள். வைசாலியில் 7,707 ராஜாக்கள் என்று ஜாதகக் கதை சொல்வது அவர்களைத்தான். வயலில் உழைத்த அடிமைகளுக்கும் கூலிகளுக்கும் அவையில் இடமில்லை. கண ஆட்சி என்று சொல்லி நிறுத்திக்கொள்வது சரி. ஜனநாயகம் என்றால் இல்லாததையும் சேர்த்துச் சொல்வதாகிவிடும்.

அந்தக் காலத்துல இந்துக் கோயிலே இல்லையா? அப்ப எப்படிக் கும்பிட்டாங்க?

வேத வழிபாட்டுக்கு நிலையான கட்டடமும் உருவமும் தேவைப்படவில்லை. இடம் தேர்ந்து, அளந்து, வேதி (வேள்வி மேடை) அமைத்து, இந்திரன், அக்னி, வருணன், சோமன் முதலியோருக்கு ஆகுதி கொடுத்து, முடிந்ததும் விட்டுவிட்டுப் போவார்கள். பெரிய வேள்விகளில் ஒன்றான அக்னிசயனத்துக்குப் பருந்து வடிவ மேடை எழுப்புவது உண்டு. வேள்வி மேடைகளின் அளவுகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களின் கணக்கின்படி 5 அடுக்கு, அடுக்குக்கு 200 செங்கல், மொத்தம் 1,000. ஓர் அடுக்கின் இணைப்புகள் அடுத்த அடுக்கின் இணைப்புகளோடு நேராக வரக்கூடாது. செங்கலின் வடிவங்களை மாற்றி அடுக்கியும் மொத்தப் பரப்பு ஏழரைச் சதுர புருஷமாகவே நிற்க வேண்டும். புருஷம் என்பது வேள்வி செய்விப்பவர் கையை உயர்த்தி நிற்கும் உயரம். இந்தியக் கணிதத்தின் பழைய வடிவியல் இந்த வேலையில்தான் பிறந்தது.

சாதாரண மக்களின் வழிபாடு வேறு தளத்தில் ஓடியது: மரம், நாகம், யக்ஷன், ஊர்க் காவல் தெய்வம். வைசாலியைச் சுற்றி உதேனம், கோதமகம், பகுபுத்தம், சாபாலம் என்று பல சேதியங்களை (வழிபாட்டு இடங்கள்) பாலி நூல்கள் பெயரிட்டுச் சொல்கின்றன. புத்தரும் அங்கே தங்கினார். விதிஷாவில் கருட கம்பம் நட்டு வாசுதேவனை வணங்கியதாக ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதன் பொறித்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. இன்று நாம் அறிந்த பக்தி வழிபாட்டின் தொடக்கங்களை அந்தக் காலத்தில் தேடுங்கள். ரிக் வேதத்தில் தேடினால் கிடைக்காது.

மறுபிறவி வேதத்துலயே இருக்குதானே? பௌத்தம் அதைக் காப்பியடிச்சதுதானே?

ரிக் வேதத்தில் இறந்தவர் யமனின் உலகுக்கு, முன்னோரிடம் போகிறார். கர்மத்துக்கு ஏற்ற பிறவிச் சுழற்சி தெளிவாக வருவது உபநிடதங்களில். சாந்தோக்கிய உபநிடதத்தின் 5ஆம் அத்தியாயத்தில் பாஞ்சால அரசன் பிரவாகண ஜைவலி அதை உத்தாலக ஆருணிக்குச் சொல்லும்போது, உனக்கு முன் இந்த வித்தை பிராமணர்களிடம் சென்றதில்லை என்கிறான். சொல்பவன் க்ஷத்திரியன், கேட்பவர் பிராமணர். அதே இடத்தில், நல்லொழுக்கம் உள்ளவர் பிராமண, க்ஷத்திரிய, வைசிய வயிற்றிலும் கெட்டவர் நாய், பன்றி, சண்டாள வயிற்றிலும் பிறப்பார் என்ற வரியும் இருக்கிறது. நம்பிக்கை சமூகப் படிநிலைக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கும் இடம் இது.

அதே கிழக்கு நிலத்தில் சமணர், ஆஜீவகர், பௌத்தர் எல்லாரும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். ஆஜீவகர்களின் தலைவர் மக்கலி கோசாலர், எல்லாம் நியதிப்படி என்றார். சமணம் வினையைத் தவத்தால் கழிக்கச் சொன்னது. புத்தர் எண்ணத்தையே கம்மம் (கர்மம்) என்றார். யாரிடமிருந்து யார் எடுத்தார் என்று ஒற்றைக் கோடு போட வரலாறு இடம் தரவில்லை.

ஆத்மா இல்லைன்னு புத்தர் சொன்னா, மறுபடி பிறக்கறது யாரு?

புத்தர் காலத்திலேயே இதில் வழுக்கி விழுந்தவர் உண்டு. சாதி என்ற பெயருடைய பிக்கு, ஒரே விஞ்ஞானம் (உணர்வு) மாறாமல் பிறவி தோறும் ஓடுகிறது என்று சொல்லிக் கடிந்துகொள்ளப்படுகிறார். காரணம் இருந்தால் விஞ்ஞானம் எழும், காரணம் இல்லையேல் எழாது என்பதே அங்கே தரப்படும் விடை. மிலிந்தன் என்ற அரசனின் கேள்விகளுக்கு நாகசேனர் என்ற பிக்கு விடை சொல்லும் நூலான மிலிந்த பஞ்ஹத்தில், அவர் ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றிக் காட்டுகிறார்: சுடர் தொடர்ந்தது, எதுவும் இடம் பெயரவில்லை.

ஆக, அடுத்த பிறவியில் வருபவர் அதே ஆளும் இல்லை, முற்றிலும் வேறு ஆளும் இல்லை. உபநிடதம் மாறாத ஆத்மாவைத் தேடிய அதே கேள்விக்குப் பௌத்தம் மாறும் தொடரைக் காட்டி விடை சொன்னது.

புத்தர் சாதியை ஒழிச்சாரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது. சங்கத்துக்குள் பிறப்பு பார்க்கப்படவில்லை. சாக்கிய இளவரசர்கள் தங்கள் செருக்கு அடங்க வேண்டும் என்று நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுக்கச் சொன்னார்கள். அதன்பின் அவர்கள் அவரை வணங்க வேண்டியிருந்தது. அஸ்ஸலாயன சுத்தத்தில் புத்தர் நிலவியலையே சான்றாக வைக்கிறார்: யோன (கிரேக்க), காம்போஜ நாடுகளில் இரண்டே வர்ணம், ஆண்டான், அடிமை, அங்கே ஆண்டான் அடிமையாகலாம், அடிமை ஆண்டானாகலாம். எனவே நான்கு வர்ணம் உலகப் பொதுவானதல்ல. புருஷ சூக்தம் (ரிக் வேதம் 10.90) நான்கையும் படைப்போடு பிணைத்ததற்கு நேர் எதிர் வாதம் இது.

ஆனால் சங்கத்துக்கு வெளியே சமூகத்தைப் புரட்டிப்போட அவர் முனையவில்லை. கடனாளி, ஓடிவந்த அடிமை, அரசனின் படைவீரன் ஆகியோருக்குத் துறவு தரக்கூடாது என்று சங்கத்தின் சட்டநூலான விநயம் விதித்தது. படைவீரர் விதி பிம்பிசாரனின் முறையீட்டால் வந்தது. பாலி நூல்களும் வர்ணங்களை அடுக்குகின்றன, க்ஷத்திரியரை முதலில் வைத்து. மதிப்பின் அளவுகோலைப் பிறப்பிலிருந்து செயலுக்கு மாற்றினார் என்பது சரியான வாக்கியம். அது அந்தக் காலத்தில் சிறிய காரியமே அல்ல.

வியாபாரிங்க ஏன் பௌத்தத்துக்கு அள்ளிக் கொடுத்தாங்க?

வேத மரபின் ஒழுக்க நூல்களில் ஒன்றான போதாயன தர்மசூத்திரத்தைத் திறந்தால் விடை தெரியும். சாதி இழக்கச் செய்யும் குற்றங்களில் கடற்பயணம் முதலில் நிற்கிறது. நகரத் தூசி படிந்து வாழ்பவனுக்கு வீடுபேறு கிட்டாது என்கிறது. பிராமணக் கொலைகாரனையும் வட்டிக்காரனையும் தராசில் வைத்தால் வட்டிக்காரன் தட்டுத்தான் தாழும் என்கிறது. வைசியருக்கு வட்டித் தொழிலில் விலக்கு உண்டு, ஆனால் தொழிலின் மேல் பட்ட நிழல் போகவில்லை.

பௌத்த நூல்களில் வணிகன் உயர்ந்த இல்லறத்தான். சாவத்தியின் அனாதபிண்டிகர் நிலமெங்கும் பொற்காசு பரப்பி ஜேதவனத்தை வாங்கிக் கொடுத்த செய்தி பர்ஹுத் சிற்பத்திலும் செதுக்கப்பட்டிருக்கிறது. முத்திரை குத்திய வெள்ளிக் கார்ஷாபணம், சுமார் 3.4 கிராம், புழங்கத் தொடங்கிய உலகம் அது. விகாரைகள் பெருவழிகளை ஒட்டி எழுந்ததற்கும் இதுவே காரணம்.

பிக்குகள் மழைக்காலத்துல மட்டும் ஏன் ஓரிடத்துல தங்கணும்?

பருவமழையில் நடந்தால் இளம் பயிரும் புழு பூச்சியும் மிதிபடுகின்றன, மற்றத் துறவிகள் தங்குகிறார்களே என்று மக்கள் குறைப்பட்டதால் வந்த விதி. ஆஷாட பௌர்ணமிக்கு மறுநாள், அல்லது ஒரு மாதம் கழித்து, வஸ்ஸம் எனும் இந்த மழைக்காலத் தங்கல் தொடங்கி 3 மாதம் நீடிக்கும். தவிர்க்க முடியாத காரியம் என்றால் 7 நாளுக்குள் திரும்பும்படி வெளியே போகலாம். வெள்ளம், நெருப்பு, கொள்ளையர், சோறு கிடைக்காமை போன்ற ஆபத்து வந்தால் இடம் மாறுவது குற்றமில்லை. முடிவில் பவாரணை: உடனிருந்தவர்கள் தன் குற்றத்தைச் சொல்லும்படி ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்வது. கூரை, கிணறு, பின் நிரந்தர விகாரை என எல்லாம் இந்த 3 மாதத் தங்கலிலிருந்து வளர்ந்தவை.

மத்திய தேசத்தைத் தாண்டினா தீட்டுன்னு சொன்னாங்களாமே? பௌத்தத்துலயும் அப்படியா?

வேத மரபில் அப்படி ஒரு கோடு உண்டு. போதாயனர் ஆரியாவர்த்தத்துக்குச் சரஸ்வதி மறையும் இடத்தை மேற்கு எல்லையாகவும், காலகவனத்தைக் கிழக்கு எல்லையாகவும், இமயத்தை வடக்காகவும், பாரியாத்திர மலையைத் தெற்காகவும் வைக்கிறார். புண்டரம், வங்கம், கலிங்கம் போன்ற நாடுகளுக்குப் போய் வந்தவர் பரிகார வேள்வி செய்ய வேண்டும்.

விநயமும் மஜ்ஜிம தேசத்துக்கு (மத்திய தேசம்) எல்லை வரைகிறது: கிழக்கே கஜங்கலம், தென்கிழக்கே சல்லவதி ஆறு, தெற்கே சேதகண்ணிகம், மேற்கே தூணம் என்ற பிராமண ஊர், வடக்கே உசீரத்தஜ மலை. ஆனால் எல்லைக்கு வெளியே போனால் விதி தளர்கிறது. அவந்தியில் சோணர் என்பவர் துறவு பெற 10 பிக்குகள் கூடுவதற்கே 3 ஆண்டு ஆயிற்று. அதனால் எல்லைப்புறத்தில் விநயம் அறிந்த ஒருவர் உள்பட 5 பேர் போதும் என்று ஆனது. அவந்தியின் கரிசல் மண் மாட்டுக் குளம்பு பட்டு இறுகிக் கரடாகிவிடும், ஆகவே பல அடுக்குத் தோல் செருப்பு அனுமதி. அங்குள்ளவர்கள் அடிக்கடி குளிப்பவர்கள், ஆகவே அடிக்கடி குளிக்க அனுமதி.

மஜ்ஜிம தேசத்தில் 15 நாளுக்கு ஒருமுறைதான் குளிக்கலாம் என்ற விதி ஏன் வந்தது? ராஜகிருகத்து வெந்நீர் ஊற்றில் பிக்குகள் இருட்டும்வரை குளித்துக்கொண்டிருக்க, பிம்பிசாரன் காத்திருந்து குளித்து முடிப்பதற்குள் நகர வாயில் மூடிவிட்டது. கோடை, மழை, நோய், வேலை, பயணம், புழுதிக்காற்று என்றால் அங்கும் விலக்கு உண்டு. ஒரு மதத்தின் சட்டநூல் மண்ணையும் தண்ணீரையும் இவ்வளவு பார்த்து எழுதப்பட்டிருப்பதால்தான், விநயத்தைப் படிக்காமல் பௌத்தத்தைத் தத்துவமாக மட்டும் படிப்பது பெரிய இழப்பு என்கிறோம்.

தென்னாட்டைப் பத்தி அவங்களுக்கு ஏதாவது தெரியுமா?

சுத்தநிபாதத்தில் கோதாவரிக் கரைப் பாவரியின் சீடர்கள் புத்தரைத் தேடி நடந்த வழி ஊர் ஊராக இருக்கிறது: பதிட்டானம் (பைதான்), மாகிஸ்மதி, உஜ்ஜேனி, விதிஷா, கோசம்பி, சாகேதம், சாவத்தி, அங்கிருந்து கபிலவஸ்து, குசிநாரா, வைசாலி, மகதம். தட்சிணாபதம் என்ற பெருவழியின் நிறுத்தங்கள் இவை.

போதாயனர் தென்னாட்டார்க்கு மட்டும் உரிய 5 வழக்கங்களைச் சொல்கிறார்: உபநயனம் ஆகாதவரோடு உண்பது, மனைவியோடு உண்பது, பழைய சோறு உண்பது, மாமன் மகளை மணப்பது, அத்தை மகளை மணப்பது. பழைய சோறும் முறைப்பெண்ணும் அன்றே தெற்கின் அடையாளம். அசோகரின் 2ஆம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனும் இலங்கை ஆகியவை அவர் ஆட்சிக்கு வெளியே உள்ள எல்லை நாடுகள்.

ஜம்பூத்வீபம்னா இந்தியாதானே? படத்துல மேரு மலையை எங்க வரையறது?

எந்த நூலைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். புராணத்தில் ஜம்பூத்வீபம் 7 தீவுகளில் நடுத் தீவு; மேரு அதன் மையத்தில்; பாரதம் அதன் 9 வர்ஷங்களில் தெற்கே உள்ள ஒன்று மட்டும். பௌத்தத்தில் மேரு தனியாக உலக நடுவில் நிற்கும். நான்கு திசையிலும் நான்கு தீவுகள். ஜம்பூத்வீபம் தெற்குத் தீவு, வடக்கே உத்தரகுரு. இரண்டையும் கலந்து ஒரே படத்தில் வரைந்தால் எதுவும் பொருந்தாது.

மணிமேகலையின் பதிகத்தில் சம்பாபதித் தெய்வம் பொன்மலை உச்சியில் தோன்றித் தென்திசை பெயர்ந்து நாவல் மரத்தடியில் நிற்பதாக வருகிறதே, அது பௌத்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அசோகர் தம் சிறு பாறைக் கல்வெட்டில் ஜம்புதீபம் என்று சொல்லும்போது தம் நாட்டையே கருதுகிறார்.

அசோகர் பௌத்தத்தை அரசாங்க மதமா ஆக்கினாரா? கலிங்கத்துக்கு அப்புறம் ஆயுதத்தையே தொடலையா?

அவர் பௌத்த உபாசகர். லும்பினிக்குச் சென்று அந்த ஊருக்குப் பலி என்ற வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு போதும் என்று தூணில் பொறித்தார். ஆனால் பராபர் குன்றின் குகைகளை ஆஜீவகர்களுக்குக் கொடுத்தார். 12ஆம் பாறைக் கல்வெட்டு தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தைப் பழிக்காதே என்கிறது. 7ஆம் தூண் கல்வெட்டில் அவருடைய தம்ம அதிகாரிகள் சங்கம், பிராமணர், ஆஜீவகர், நிகண்டர் (சமணர்) எல்லாருக்குமாக வேலை செய்கிறார்கள்.

13ஆம் பாறைக் கல்வெட்டு 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டதையும் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் சொல்லி வருந்துகிறது. யோனர் நாடு தவிர பிராமணரும் சிரமணரும் (துறவிகள்) இல்லாத நாடில்லை என்றும் அது சொல்கிறது. அஸ்ஸலாயன சுத்தத்தின் வாதத்தோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். அதே கல்வெட்டு காட்டுவாசிகளிடம், வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்று எச்சரிக்கிறது. படையைக் கலைத்ததாக எங்கும் இல்லை. கலிங்கத்திலேயே, தௌலியிலும் ஜௌகடத்திலும், 11 முதல் 13 வரையிலான கல்வெட்டுகள் பொறிக்கப்படவில்லை. அவற்றுக்குப் பதிலாக, எல்லா மனிதரும் என் மக்கள் என்று தொடங்கி, காரணமின்றி யாரையும் சிறையில் வைக்காதீர்கள் என்று அதிகாரிகளுக்குக் கட்டளையிடும் தனிக் கல்வெட்டுகள் இருக்கின்றன.